அன்னாசிப்பூ ஆய்வின் வரலாறு: பெயரும் வேதியியலும் பாதுகாப்பும்

அன்னாசிப்பூ என்பது எட்டு முனைகள் கொண்ட நட்சத்திர வடிவில் உள்ள ஒரு வாசனைப் பொருளாகும். பெயரில் பூ என்று இருந்தாலும் இது பூ அன்று, உலர்ந்த காய். அன்னாசிப் பழத்துக்கும் இதற்கும் தாவரவியல் உறவு எதுவும் இல்லை. இதன் தாவரவியல் பெயர் இல்லிசியம் வேரம். நட்சத்திர சோம்பு, தக்கோலம் என்றும் தமிழில் இதற்குப் பெயர்கள் உண்டு. இதைப் போன்றே தோன்றும் இன்னொரு காய் கடும் நஞ்சுடையது. இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிய அறிவியலுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. பெயர்கள் கலந்தபோதெல்லாம் மனிதர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்பதே இந்த ஆய்வு வரலாறு காட்டும் செய்தி.

திருவல்லிக்கேணியும் அன்னாசிப்பூவும்

சென்னையின் பழைய பகுதிகளில் ஒன்றான திருவல்லிக்கேணியில் அன்னாசிப்பூவை அறியாத வீடு அரிது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டிக் குடியேறினார். 1795இல் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. நவாபைச் சார்ந்த குடும்பங்களும் பணியாளர்களும் இப்பகுதியில் நிலைத்தனர். அவர்களுடைய சமையல் மரபும் உடன் வளர்ந்தது. இன்று ஜாம் பஜார் மளிகைக் கடையில் பிரியாணிச் சாமான் கேட்டால் பட்டை, லவங்கம், ஏலக்காய், பிரிஞ்சி இலை, மராட்டி மொக்கு ஆகியவற்றுடன் அன்னாசிப்பூவும் சேர்ந்தே பொட்டலத்தில் வரும்.

இப்பகுதியின் உருது பேசும் மக்களிடமும் யுனானி மருத்துவத்திலும் இதற்குப் ‘பாதியான் கதாயி’ என்ற பெயர் உண்டு. பாதியான் என்பது சோம்பைக் குறிக்கும் பாரசீகச் சொல். கதாய் என்பது சீன நாட்டின் பழைய பெயர். ஆகவே ‘சீனத்துச் சோம்பு’ என்பதே இதன் பொருள். பிரெஞ்சு மொழியில் இதனைப் ‘பதியான்’ என்று அழைப்பதும் இச்சொல்லின் வழியே வந்தது.

இப்பெயர் சொல்வது உண்மையே. அன்னாசிப்பூ மரம் தென் சீனத்திலும் வட வியட்நாமிலும் வளர்வது. தென்னிந்தியக் காடுகளில் இல்லிசியம் இனம் எதுவும் இயற்கையாக வளர்வதில்லை. மரத்தையோ அதன் இலையையோ பார்த்திராத மக்கள் காய்ந்த காயை மட்டுமே பார்த்து வாங்குகிறார்கள். அடையாளக் குழப்பம் தோன்றுவதற்கு இதுவே முதற் காரணம்.

தக்கோலம்: தமிழில் ஒரு பெயர்ச் சிக்கல்

தக்கோலம் என்ற சொல் தமிழில் மிகப் பழையது. வாய்மணத்துக்காக வெற்றிலையுடன் சேர்க்கும் ஐந்து வாசனைப் பொருள்களுள் ஒன்றாகச் சிலப்பதிகாரத்தின் பழைய உரை இதனைக் கூறுகிறது. அடியார்க்கு நல்லார் உரையுடன் சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்தவர் உ.வே. சாமிநாதையர். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், திருவல்லிக்கேணியில் திருவேட்டீசுவரன்பேட்டையில் வாழ்ந்தார்.

முதலாம் இராசேந்திர சோழனின் கடல்கடந்த படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் தலைத்தக்கோலம் என்ற ஊர் இடம்பெறுகிறது. இது மலேய தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்த துறைமுகம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கிரேக்க நிலவியல் அறிஞர் தாலமியும் ‘தகோலா’ என்ற துறைமுகத்தைக் குறிப்பிட்டுள்ளார்.

இன்றைய சித்த மருத்துவ நூல்களில் தக்கோலம் என்பது பொதுவாக அன்னாசிப்பூவைக் குறிக்கிறது. ஆனால் பழைய நூல்களில் வரும் தக்கோலம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அதனை வால்மிளகு என்று கொள்வாரும் உண்டு. ஒரே சொல் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பொருளைச் சுட்டியிருக்கலாம். எனவே பழைய மருந்துக் குறிப்பு ஒன்றில் தக்கோலம் என்று கண்டவுடன் அன்னாசிப்பூவை எடுத்துச் சேர்ப்பது சரியாகாது.

ஐரோப்பாவில் நேர்ந்த குழப்பம்

இதே போன்றதொரு குழப்பம் ஐரோப்பிய அறிவியலிலும் நேர்ந்தது. ஆங்கிலக் கடலோடி தாமஸ் கேவெண்டிஷ் உலகைச் சுற்றிவிட்டு 1588இல் நாடு திரும்பியபோது பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து இந்தக் காயையும் கொண்டு சென்றார். தாவரவியலாளர் குளூசியஸ் 1601இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்தார். அவரும் மரத்தைக் கண்டதில்லை; காயை மட்டுமே கண்டார்.

ஜப்பானில் ‘சிகிமி’ என்ற மரம் உண்டு. பௌத்தக் கோயில்களிலும் கல்லறைகளிலும் அதனை நட்டு வளர்ப்பர். இலைகளைப் பூசையில் படைப்பர். பட்டையையும் இலையையும் பொடித்து ஊதுபத்தி செய்வர். அதன் காயும் நட்சத்திர வடிவம் கொண்டது. ஆனால் அதனை உண்ணக் கூடாது என்பதை ஜப்பானியர் நன்கு அறிந்திருந்தனர்.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1759இல் இல்லிசியம் அனிசேட்டம் என்ற பெயரைச் சூட்டினார். அவர் எழுதியபோது ஜப்பானிய மரமும் சீன வாசனைக் காயும் ஒன்றாகவே கருதப்பட்டன. அனிசேட்டம் என்றால் ‘சோம்பு போன்றது’ என்று பொருள். தாவரப் பெயரிடும் விதிகளின்படி இந்தப் பெயர் ஜப்பானிய மரத்துக்கே உரியதாகிவிட்டது. நஞ்சுள்ள மரம் இன்றும் ‘சோம்பு போன்றது’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

1888இல்தான் இக்குழப்பம் முறையாகத் தீர்ந்தது. கியூ தாவரவியல் தோட்டத்தின் முன்னாள் இயக்குநரான ஜோசப் டால்டன் ஹூக்கர், சீன வாசனைக் காயைத் தரும் மரத்தைத் தனி இனமாக விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் இல்லிசியம் வேரம். வேரம் என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘மெய்யானது’ என்று பொருள். லின்னேயஸ் பெயரிட்ட பின் 129 ஆண்டுகள் கழித்தே உண்மையான அன்னாசிப்பூவுக்குத் தனிப்பெயர் கிடைத்தது.

மதராஸ் மருத்துவரின் பெயர் தாங்கிய இமய இனம்

இந்தியாவுக்கும் சொந்தமான இல்லிசியம் இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இல்லிசியம் கிரிஃபித்தி. இப்பெயர் வில்லியம் கிரிஃபித் என்பவரை நினைவுகூர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் மருத்துவப் பணியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்த அவர் 1832இல் சென்னை வந்து இறங்கினார். பின்னர் அசாம், பூடான், பர்மா முதலிய பகுதிகளில் அலைந்து தாவரங்களைச் சேகரித்தார். 1845இல் மலாக்காவில் இறந்தார்.

இந்த மரம் அருணாசலப் பிரதேசத்தின் மேற்குக் காமெங், தவாங் மாவட்டங்களில் வளர்கிறது. அங்கு இதன் காயை ‘லிஸ்ஸி’ என்பர். மோன்பா மக்கள் அதனைச் சேகரித்து விற்கின்றனர். அளவுக்கு மீறிக் காய் பறித்ததாலும் காடழிப்பாலும் இவ்வினம் அழியும் ஆபத்தில் உள்ளது. இதன் காய் கசப்பும் துவர்ப்பும் உடையது. அன்னாசிப்பூவுக்கு மாற்றாக இதனைக் கொள்ளக் கூடாது.

மணத்தின் வேதியியல்

அன்னாசிப்பூவின் மணத்துக்குக் காரணம் அதன் எளிதில் ஆவியாகும் எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பங்கு, பொதுவாக 80 முதல் 90 சதவீதம் வரை, அனெத்தோல் என்ற சேர்மமாகும். அனெத்தோல் சர்க்கரையைப் போல ஏறத்தாழ 13 மடங்கு இனிப்புச் சுவை கொண்டது. அன்னாசிப்பூவை மென்றால் நாவில் இனிப்பது இதனால்தான்.

சோம்பு கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி. அன்னாசிப்பூவோ மரம், வேறு குடும்பம். இவ்வளவு தொலைவான இரண்டு தாவரங்களும் ஒரே சேர்மத்தைத் தனித்தனியே உருவாக்குகின்றன. எனவே மணம் ஒன்றாக இருப்பதை வைத்து உறவையோ பாதுகாப்பையோ முடிவு செய்ய இயலாது.

அனெத்தோல் குளிரில் உறையும் தன்மை கொண்டது. எண்ணெய் எந்த வெப்பநிலையில் உறைகிறது என்பதை வைத்தே முற்காலத்தில் அதன் தூய்மையைச் சோதித்தனர். உறைநிலை 15 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் எண்ணெய் தரமற்றது எனக் கொண்டனர். இன்று வாயு நிறப்பகுப்பு முறையில் ஒவ்வொரு சேர்மத்தையும் பிரித்து அளக்கின்றனர்.

சிக்கிமிக் அமிலம்: நஞ்சு மரத்திலிருந்து வந்த மருந்து மூலம்

ஜப்பானில் பணியாற்றிய டச்சு வேதியியலாளர் எய்க்மன் 1885இல் சிகிமிக் காயிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மரத்தின் பெயராலேயே அதற்குச் சிக்கிமிக் அமிலம் என்று பெயர் வந்தது. இதன் மூலக்கூற்று அமைப்பை 1930களில் ஹெர்மன் பிஷர், கெர்டா டாங்ஷாட் ஆகியோர் உறுதி செய்தனர்.

இந்த அமிலம் நஞ்சன்று. தாவரங்களும் பாக்டீரியாக்களும் சில அமினோ அமிலங்களை உருவாக்கும் வழியில் இது ஒரு படி என்பது 1950களின் ஆய்வுகளில் தெளிவானது. மனிதர் உள்ளிட்ட விலங்குகளின் உடலில் இவ்வழி இல்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி செயல்படுவது இவ்வழியைத் தடுத்துத்தான்.

நூறாண்டுகளுக்கும் மேலாக வேதியியல் மாணவர்கள் மட்டுமே அறிந்திருந்த இந்த அமிலம் திடீரென உலகப் புகழ் பெற்றது. கிலியட் நிறுவனம் கண்டுபிடித்த ஓசெல்டமிவிர் என்ற இன்ஃபுளுவென்சா மருந்தின் உரிமத்தை 1996இல் ரோச் நிறுவனம் பெற்றது. 1999இல் அது டாமிஃப்ளூ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரிக்கும் தொடக்கப் பொருள் சிக்கிமிக் அமிலம். அது நிறைந்த மலிவான மூலம் சீனத்து அன்னாசிப்பூ. ஒரு நோயாளிக்கு வேண்டிய 10 மாத்திரைகளுக்கு ஏறத்தாழ 13 கிராம் அன்னாசிப்பூ தேவைப்பட்டது. 2005இல் பறவைக் காய்ச்சல் அச்சம் பரவியபோது உலக நாடுகள் இம்மருந்தைச் சேமிக்க முனைந்தன. அன்னாசிப்பூவின் விலை ஏறியது.

2009இல் எச்1என்1 பன்றிக் காய்ச்சல் இந்தியாவுக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் சென்னையிலும் மக்கள் முகக்கவசம் தேடி அலைந்தனர். கிண்டி கிங் நிலையத்தில் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஓசெல்டமிவிர் முதலில் அரசு மருத்துவமனைகள் வழியாகவே கிடைத்தது. அதே ஆண்டில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சிக்கிமிக் அமிலத்துக்கு மாற்று மூலம் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்கள் உட்படப் பலவற்றை ஆராய்ந்து ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். அழகுக்காக வளர்க்கும் அரௌகேரியா மரத்தில் ஏறத்தாழ 5 சதவீதமும், புன்னை இனத்தைச் சேர்ந்த காலோபில்லம் அபெடாலம் மரத்தில் ஏறத்தாழ 4 சதவீதமும் இவ்வமிலம் இருப்பதாக அவர்கள் கண்டனர். இதற்கிடையே மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொண்டு இவ்வமிலத்தைத் தயாரிக்கும் முறையும் தொழிற்சாலைகளில் நிலைபெற்றது.

அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் பன்றிக் காய்ச்சல் வராது என்ற நம்பிக்கையும் அப்போது பரவியது. இது தவறு. சிக்கிமிக் அமிலம் வேறு, ஓசெல்டமிவிர் வேறு. பல கட்ட வேதிமாற்றங்களுக்குப் பின்பே அமிலம் மருந்தாகிறது. அமிலத்துக்கு அந்த வைரசைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. பருத்தியை உடலில் சுற்றிக்கொண்டால் வேட்டி ஆகாது என்பது போலத்தான் இதுவும்.

நஞ்சின் வேதியியல்

சிகிமிக் காயின் நஞ்சு அனிசாட்டின் என்ற சேர்மம். இது 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் அமைப்பை ஜப்பானிய வேதியியலாளர்கள் யமதா, ஹிராதா முதலியோர் 1968இல் வெளியிட்டனர். 1990இல் ஆய்வகத்தில் இதனை முழுமையாகத் தொகுத்தும் காட்டினர்.

மூளையில் நரம்புகளின் தூண்டலை அடக்கி அமைதிப்படுத்தும் இயற்கைச் செய்திப் பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் காபா. அனிசாட்டின் காபாவின் வேலையைத் தடுக்கிறது. தடுப்பான் இல்லாத வண்டி சரிவில் ஓடுவது போல நரம்புகள் கட்டின்றித் தூண்டப்படுகின்றன. வாந்தி, பதற்றம், கண்கள் துடித்தல், வலிப்பு ஆகியவை தொடர்கின்றன.

நம் நாட்டுக் காக்கைக்கொல்லி விதையில் உள்ள பிக்ரோடாக்சின் என்ற நஞ்சும் இவ்வாறே செயல்படுகிறது. நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட விதை அது. அனிசாட்டின் அதைவிட வீரியம் மிக்கது. சுண்டெலிகளில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவே உயிரைப் பறிக்கப் போதுமானது.

உண்மையான அன்னாசிப்பூவும் முற்றிலும் தீங்கற்றது என்று கூற இயலாது. வெரனிசாட்டின் என்ற சேர்மங்கள் அதில் மிகச் சிறிதளவு இருப்பதை 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இவையும் அதிக அளவில் விலங்குகளுக்கு வலிப்பை உண்டாக்கின. ஆனால் அனிசாட்டினைவிட வீரியம் குறைந்தவை. ஒரு குடும்பத்துக்கான பிரியாணியில் போடும் இரண்டொரு அன்னாசிப்பூவில் இவற்றின் அளவு மிக அற்பம். இரண்டு மாதக் குழந்தைக்கு அடர்த்தியாகக் கொதிக்க வைத்துப் புகட்டும் கஷாயத்தின் கணக்கு வேறு.

2001 முதல் 2004 வரை: பெயர் கலந்ததன் விலை

2001 செப்டம்பரில் நெதர்லாந்தில் மூலிகைத் தேநீர் குடித்த 60க்கும் மேற்பட்டோர் சில மணி நேரத்தில் நோயுற்றனர். பலருக்கு வலிப்பு வந்தது. அத்தேநீரில் இருந்த அன்னாசிப்பூவில் சிகிமிக் காய் கலந்திருந்ததே காரணம். ஸ்பெயின் நாட்டிலும் அதே ஆண்டில் இத்தகைய பாதிப்புகள் ஏற்பட்டன. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் அன்னாசிப்பூ இறக்குமதிக்குச் சிறப்பு நிபந்தனைகளை விதித்தது.

2003 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அன்னாசிப்பூத் தேநீரைக் குடிக்க வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது. ஏறத்தாழ 40 பேர் பாதிக்கப்பட்டதாக அதன் அறிவிப்பு கூறியது. அவர்களுள் ஏறத்தாழ 15 பேர் கைக்குழந்தைகள். 2004இல் மியாமி நகர மருத்துவர்கள் இவ்வாறு பாதிக்கப்பட்ட 7 கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினர்.

இந்தக் குழந்தைகளின் தாய்மார் கவனக்குறைவானவர்கள் அல்லர். வயிற்று வலியால் அழும் குழந்தைக்குத் தங்கள் பாட்டிமார் கொடுத்து வந்ததையே அவர்களும் கொடுத்தனர். தமிழ்நாட்டு வீடுகளில் ஓமத் தண்ணீரும் சோம்புத் தண்ணீரும் உரைமருந்தும் கொடுக்கும் அதே அன்புதான் அங்கும் இருந்தது. மரபு தவறவில்லை; மரபு அறிந்திருந்த காயின் இடத்தில் வேறொரு காய் வந்து சேர்ந்தது.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

முழுக் காய்களாக இருந்தால் சில வேறுபாடுகளைக் காணலாம். அன்னாசிப்பூ பெரியது, பெரும்பாலும் எட்டு முனைகள் கொண்டது, முனைகள் மழுங்கியவை. சோம்பின் இனிய மணம் வீசும். சிகிமிக் காய் சிறியது. முனைகள் கூர்மையாகக் கொக்கி போல் வளைந்திருக்கும். அதில் சோம்பு மணம் இராது.

ஆனால் இந்த வேறுபாடுகள் போதுமானவை அல்ல. ஒரே மரத்துக் காய்களிலும் அளவும் முனைகளின் எண்ணிக்கையும் மாறும். மூட்டையில் உடைந்த துண்டுகள் இருக்கும். இரண்டும் கலந்திருந்தால் அன்னாசிப்பூவின் மணம் மற்றதை மறைத்துவிடும். பொடியாக்கியபின் கண்ணாலோ மூக்காலோ அறிய வழியே இல்லை. எனவே ஆய்வகங்களில் நுண்ணோக்கி, நிறப்பகுப்பு, நிறை நிறமாலை, மரபணுச் சோதனை ஆகிய முறைகளைக் கையாள்கின்றனர். தேநீரில் உள்ள நுண்ணிய அளவு அனிசாட்டினையும் இன்று அளந்துவிட முடிகிறது.

வீட்டுப் பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

• சமையலில் வழக்கமான அளவில் அன்னாசிப்பூவைப் பயன்படுத்துவது நீண்ட கால வழக்கில் உள்ளது. அச்சம் தேவையில்லை.

• கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அன்னாசிப்பூக் கஷாயமோ தேநீரோ கொடுக்கக் கூடாது.

• ‘சோம்பு’ என்று சொல்லக் கேட்டு நட்சத்திர சோம்பை எடுத்துவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு தாவரங்கள்.

• பொடியாக வாங்குவதைவிட முழுக் காயாக வாங்குவது நல்லது. மணமற்ற, மிகச் சிறிய, கொக்கி முனையுள்ள காய்களை ஒதுக்கிவிட வேண்டும்.

• அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தபின் வாந்தியோ நடுக்கமோ வலிப்போ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீதமுள்ள காயையும் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

முடிவுரை

திருவல்லிக்கேணியில் கடற்கரைச் சாலையை ஒட்டி, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை உள்ளது. கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் இம்மருத்துவமனை, மேரி ஷார்லிப் என்ற மருத்துவரின் முயற்சியால் 1885இல் தொடங்கப்பட்டது. எய்க்மன் சிக்கிமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்ததும் அதே ஆண்டில்தான். இங்கு பிள்ளை பெற்று வீடு திரும்பும் தாய்க்கும், சற்றுத் தொலைவில் ஜாம் பஜாரில் அன்னாசிப்பூ நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரருக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஹூக்கர் ஒரு காய்க்கு ‘மெய்யானது’ என்று பெயரிட்டார். கடையில் கிடைக்கும் காய் மெய்யானதுதானா என்று பார்த்து வாங்குவதும், அது மெய்யானதே ஆனாலும் பச்சிளங்குழந்தையின் வாயில் ஊற்றாமல் இருப்பதும் நம் கையில் உள்ளன.